மீன் அமிலத்துக்கு மத்தி வாங்குகிறீர்களா? அதன் பருவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மீன் அமிலம் தயாரிக்கும் விவசாயிகள் பலர் சந்தையில் கேட்டு வாங்குவது மத்தி மீனைத்தான். கன்னியாகுமரிப் பக்கம் இதற்குச் சாளை என்று பெயர். முதுகு நீலப்பச்சை, வயிறு வெள்ளி நிறம். செவுள் மூடியின் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கும். கூட்டம் கூட்டமாகக் கரையை ஒட்டியே திரியும் மீன் இது.

மத்தி வேட்டையாடும் மீன் அல்ல. வாயைத் திறந்தபடி நீந்தும். உள்ளே போகும் தண்ணீரை, செவுளில் சீப்புப் போல நெருக்கமாக உள்ள முட்கள் வடிகட்டும். அதில் தங்கும் கண்ணுக்குத் தெரியாத கடல் பாசிகளும் நுண்ணுயிரிகளும்தான் உணவு. குஞ்சுப் பருவத்தில் நுண்ணிய விலங்குகளையும் அதிகம் தின்னும். எனவே பாசி வளர்ந்தால்தான் மத்தி வளரும்.

அந்தப் பாசிக்கு உரம் போடுவது தென்மேற்குப் பருவக்காற்றுதான். கேரளக் கரையோரம் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று அடிக்கும்போது மேல்நீர் கரையை விட்டு விலகிப் போகிறது. அந்த இடத்துக்கு ஆழத்தில் இருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். அடியில் தங்கிய தழைச்சத்தும் மணிச்சத்தும் கூடவே வருவதால் பாசி பெருகுகிறது. ஆழ உழுது அடிமண்ணைப் புரட்டுவது போலத்தான்.

மத்தி முட்டையிடுவதும் இதே மழைக்காலத்தில்தான். ஒரு பெண் மீன் பல ஆயிரம் முட்டைகள் இடும். மிதக்கும் அந்த முட்டைகள் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். குஞ்சு ஒரு வருடத்தில் 15 செ.மீ. அளவுக்கு வளர்ந்து முட்டையிடத் தயாராகிறது. ஆயுளே இரண்டரை, மூன்று வருடம்தான். ஒரு பருவம் தவறினாலும் அடுத்த ஆண்டு வலையில் தெரிந்துவிடும்.

கேரளாவில் 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-ல் கிடைத்தது 3,300 டன்னுக்கும் கீழே. கடல் வெப்பமானது ஒரு காரணம். முட்டையிடும் முன்பே குஞ்சுகளை அள்ளியது இன்னொன்று. 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று கேரள அரசு தடை வைத்திருக்கிறது. முட்டையிடும் அளவோ 15 செ.மீ.; தடை போதாது என்பதே என் எண்ணம்.

அந்தக் குஞ்சு மீன்களை வாங்குவது யார்? சமையலுக்கு அவற்றை அதிகம் பேர் கேட்பதில்லை. கோழி, மீன் தீவனத்துக்கும் உரத்துக்கும்தான் போகின்றன. விலை மலிவு என்று விரல் நீள மத்தியை மூட்டையாக வாங்குவது விதைநெல்லைக் குத்துவதற்குச் சமம்.

மீன் அமிலத்துக்கு முழு மீனே வேண்டும் என்பதில்லை. மீன் வெட்டும் இடத்தில் ஒதுக்கும் தலை, குடல், செவுள், வால் போதும். பல ஊர்களில் இவை மிகக் குறைந்த விலைக்கே கிடைக்கும். கழிவு எவ்வளவோ அதே எடைக்கு நாட்டுச் சர்க்கரை சேர்த்து, காற்றுப் புகாமல் மூடி நிழலில் வையுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் தேன் நிறத்தில் திரவம் பிரியும். பழவாடை வந்தால் தயார். வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 மில்லி வரை கலந்து மாலையில் தெளிக்கலாம். இளம் நாற்றுக்குக் குறைந்த அளவே நல்லது.

மழைக்காலம் முடிந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் மத்தியில் கொழுப்பு அதிகம். சாப்பிட அதுவே ருசி. அந்த மாதங்களில் வீட்டுக்கு வாங்கி, தலையையும் குடலையும் டப்பாவில் போடுங்கள். உப்பிட்ட கருவாட்டுக் கழிவை மட்டும் சேர்க்க வேண்டாம், உப்பு பயிரைக் கருக்கிவிடும்.