கோல் அடிப்பவரின் மறுபாதி வேலை

ஹொக்கியில் கோல் அடிப்பது எளிதல்ல. மைதானம் 91.4 மீற்றர் நீளமும் 55 மீற்றர் அகலமும் கொண்டது. எதிரணியின் கோலுக்கு முன்னால் 14.63 மீற்றர் தொலைவில் ஒரு வளைகோடு வரையப்பட்டிருக்கும். வட்டம் எனப்படும் அந்த எல்லைக்குள் வைத்துத் தாக்கும் அணியின் மட்டை பட்ட பந்து மட்டுமே கோலாகும். அந்தச் சிறிய இடத்துக்குள் புகுந்து, காவலாளரையும் ஏமாற்றிப் பந்தை வலைக்குள் தள்ளுபவரைச் சனம் கொண்டாடுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஒருவர் பந்து தன்னிடம் இல்லாத நேரத்தில் என்ன செய்கிறார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டுமா என்ற கேள்வி பயிற்றுநர்களிடையேயும் தேர்வாளர்களிடையேயும் நெடுங்காலமாக இருந்துவருகிறது.

பழைய ஹொக்கியில் இந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. ஐந்து முன்கள வீரர், மூன்று மத்தியகள வீரர், இரண்டு பின்கள வீரர் என்று அணி நின்றது. அவரவர் வேலை அவரவருக்கு. 1928இல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா 29 கோல்களை அடித்தது. ஒரு கோலைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அந்த 29இல் 14 முன்கள வீரர் தியான் சந்த்தின் மட்டையிலிருந்து வந்தவை. பின்னால் ஓடிவந்து பந்தைப் பறிக்கும்படி அவரைக் கேட்கவேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை.

விதிகள் மாறியபோதுதான் நிலைமை மாறியது. 1990களில் வரையறையின்றி மாற்று வீரரை இறக்கும் முறை வந்தது. ஓப்சைட் விதியும் நீக்கப்பட்டது. 2009இல், பிரீ ஹிட் கிடைத்தவர் பந்தைத் தானே தட்டிக்கொண்டு ஓடலாம் என்ற விதி சேர்ந்தது. இவற்றால் ஆட்டத்தின் வேகம் பெருகியது. எதிரணியின் பின்களத்தில் பந்தைப் பறிகொடுத்த மறுகணமே அது பறிகொடுத்த அணியின் வட்டத்தை நோக்கிப் பாயத் தொடங்கிவிடுகிறது. முன்கள வீரர் இடுப்பில் கை வைத்து நின்றால், பின்னால் இருப்பவர்கள் ஓராள் குறைவாகவே அந்தப் பாய்ச்சலை எதிர்கொள்ள வேண்டும். 2010, 2014 உலகக் கிண்ணங்களை வென்ற அவுஸ்திரேலிய அணியின் பயிற்றுநர் ரிக் சார்ள்ஸ்வேர்த் மாற்று வீரர் முறையை முழுமையாகப் பயன்படுத்தியவர். முன்கள வீரரைச் சில நிமிடங்கள் முழு மூச்சில் ஓடவிட்டு, வெளியே எடுத்து இளைப்பாற்றி, மீண்டும் இறக்குவார். பின்னுக்கு ஓடிக் களைத்துப்போனால் கோல் அடிக்கத் தெம்பு இராது என்ற பழைய வாதம் இந்த முறையின் முன் பெரும்பாலும் வலுவிழந்துவிட்டது.

முன்கள வீரரின் தடுப்பாட்டம் என்றால் தன் கோலுக்கு முன்னால் வந்து நிற்பது என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் அதன் பெரும்பகுதி எதிரணியின் பக்கத்திலேயே நடக்கிறது. எதிரணியின் பின்கள வீரர் பந்தை எடுக்கும்போது, அவர் பந்தைக் கொடுக்கக்கூடிய நல்ல பாதையை மட்டையால் மறைத்து, அவரை ஓரக்கோட்டின் பக்கம் தள்ளிச் செல்வது முதல் வேலை. பந்து தாண்டிப் போய்விட்டால் திரும்பி ஓடி மத்தியகளத்தில் ஆளை மூடுவது இரண்டாவது. முதல் வேலை சரியாக நடந்தால் பந்து கோலுக்கு அருகிலேயே திரும்பக் கிடைக்கும். ஆகவே நல்ல தடுப்பாட்டமே சில வேளைகளில் கோலுக்குக் குறுக்கு வழியாகிறது. இந்த உழைப்பு ஆட்ட முடிவில் கோல் கணக்கில் பதிவாவதில்லை என்பதுதான் குறை.

2024 ஓகஸ்ட் 4இல் பாரிஸில் நடந்த ஒலிம்பிக் காலிறுதி இதைத் தெளிவாகக் காட்டியது. பிரித்தானியாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் 17ஆவது நிமிடத்தில் இந்தியாவின் பின்கள வீரர் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். எஞ்சிய ஏறத்தாழ 43 நிமிடங்களையும் இந்தியா பத்துப் பேருடன் ஆடியது. 22ஆவது நிமிடத்தில் ஹர்மன்பிரீத் சிங் பெனால்டி கோர்னரில் ஒரு கோல் அடித்தார். 27ஆவது நிமிடத்தில் பிரித்தானியா சமன் செய்தது. அதன்பின் கோல் எதுவும் விழவில்லை. இந்தியாவின் காவலாளர் பி. ஆர். ஸ்ரீஜேஷ் கோலைக் காத்த விதம் எல்லோர் நினைவிலும் இருக்கிறது, இருக்கவேண்டியதும்தான். ஆனால் அவருக்கு முன்னால் கோல் அடிக்கவென்றே தேர்வானவர்களும் தங்கள் பாதியில் நின்று பாதைகளை அடைத்தார்கள். 1-1 என்று முடிந்த ஆட்டத்தை ஷூட்அவுட்டில் இந்தியா 4-2 என வென்றது. அந்த முன்கள வீரர்களின் உழைப்பைக் கோல் கணக்கால் மட்டும் அளந்தால் அன்று அவர்கள் செய்தது பூச்சியம் என்றுதான் வரும். அது பெரும் அநியாயம்.

கோல் கணக்கு வேறொரு வகையிலும் ஏமாற்றும். பாரிஸில் ஆண்கள் ஹொக்கியில் மிகக் கூடுதலான கோல்களை, அதாவது 10 கோல்களை, அடித்தவர் ஹர்மன்பிரீத். அவர் முன்கள வீரரல்லர், பின்கள வீரர். டோக்கியோவில் 14 கோல் அடித்த பெல்ஜியத்தின் அலெக்சாண்டர் ஹென்றிக்ஸ், ரியோவில் 11 கோல் அடித்த ஆர்ஜென்ரீனாவின் கொன்சாலோ பெய்யாட் ஆகியோரும் பின்கள வீரர்களே. மூவரும் பெனால்டி கோர்னரில் பந்தை இழுத்து வீசுவதில் வல்லவர்கள். அந்தக் கோர்னரை வென்று தருபவரோ பெரும்பாலும் வட்டத்துக்குள் புகுந்து எதிரணியைத் தவறு செய்ய வைக்கும் முன்கள வீரர். கோல் ஒருவர் பெயரில் எழுதப்படுகிறது, உழைப்பு இன்னொருவருடையது. பின்கள வீரர் கோல் அடித்தாலும் அவர் காவலையும் பார்த்தே மதிப்பிடுகிறோம். முன்கள வீரருக்கு மட்டும் அந்த மறுபாதிக் கணக்கை மூடிவைப்பதற்கு நியாயம் கிடையாது.

பனிக்கட்டியில் ஆடப்படும் ஐஸ் ஹொக்கியில் இந்தக் கணக்கை எண்ணால் எழுத முயன்றிருக்கிறார்கள். வட அமெரிக்காவின் என்எச்எல் தொடரில் ஒரு வீரர் களத்தில் நிற்கும்போது அணி கோல் அடித்தால் அவருக்கு ஒன்று கூடும், வாங்கினால் ஒன்று குறையும். 2013-14 பருவத்தில் அலெக்சாண்டர் ஒவெச்கின் 51 கோல்களை அடித்துத் தொடரிலேயே முதலிடம் பெற்றார். அவருடைய கூட்டல் கழித்தல் கணக்கோ மைனஸ் 35. விமர்சகர்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் எதிரணி ஆள் குறைவாக ஆடும்போது அடிக்கும் கோல்கள் இந்தக் கணக்கில் கூடுவதில்லை. அவருடைய கோல்களில் ஏறத்தாழப் பாதி அப்படி வந்தவை. கூட ஆடுபவரின் தவறும் காவலாளரின் தவறும் அவர் தலையிலேயே விழும். குறை உண்மையானதுதான், ஆனால் அந்த எண் காட்டிய அளவுக்குப் பெரிதல்ல. டெட்ரொய்ட் அணியின் ஸ்டீவ் இசர்மன் கதை வேறு. 1988-89இல் கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியுமாக 155 புள்ளி எடுத்த அவர், பிற்காலத்தில் பயிற்றுநர் ஸ்கொட்டி போமனின் கீழ் தடுப்பாட்டத்தைத் தன் ஆட்டத்தின் பாதியாக்கிக்கொண்டார். புள்ளிகள் குறைந்தன. 1997இல் டெட்ரொய்ட் அணி ஸ்டான்லி கிண்ணத்தை வென்றபோது தலைவர் அவரே. 2000இல் தடுப்பாட்டத்தில் சிறந்த முன்கள வீரருக்கான செல்கி விருதும் அவருக்குக் கிடைத்தது.

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 2018இல் இலங்கை வலைப்பந்தாட்ட அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது முதன்மைக் கோல் எய்பவராக இருந்தவர். வலைப்பந்தாட்ட விதிப்படி கோல் எய்பவர் மைதானத்தின் மூன்றில் ஒரு பகுதிக்கு வெளியே கால் வைக்கமுடியாது. பின்னுக்கு ஓடிக் காக்கவில்லை என்று அவரைக் குறை சொல்வதில் பொருளே இல்லை. எய்த பந்து தவறி எதிரணியின் கைக்குப் போனதும் அந்தப் பகுதிக்குள் அவர்களின் வீச்சை மறைப்பதே அவரால் செய்யக்கூடிய தடுப்பு. அவருடைய தடுப்பாட்டத்தை அதனால் மட்டுமே அளக்கலாம். ஹொக்கியிலும் உதைபந்தாட்டத்திலும் அத்தகைய எல்லை இல்லை. ஆகவே விலக்கும் இல்லை.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வேர்விட்டிருப்பது உதைபந்தாட்டம். பண்டத்தரிப்பு மகளிர் உயர்தரப் பாடசாலையும் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியும் பெண்கள் உதைபந்தாட்டத்தில் பெயர்பெற்றவை. முன்னால் நிற்கும் பிள்ளை பந்தைப் பறிகொடுத்ததும் நிற்கிறாளா, திரும்பி ஓடுகிறாளா என்பது இங்கும் அதே கேள்விதான். அதைக் கவனிக்கக் கணினியோ காணொளியோ தேவையில்லை. மாற்று வரிசையில் இருக்கும் ஒரு மாணவி கொப்பியில் மூன்று விடயங்களைக் குறித்தால் போதும்: எதிரணியின் பாதியில் யார் பந்தைத் திரும்பப் பறித்தார், யாருடைய நெருக்கத்தால் எதிரணி பந்தை வெளியே அடித்தது, பந்து பறிபோனபின் யார் எத்தனை தடவை திரும்பி ஓடினார். கோல் அடிப்பவரின் பின்கள வேலையைப் பின்கள வீரரின் அளவுக்கு எதிர்பார்க்கக்கூடாது. பயிற்றுநர் அவரிடம் முன்கூட்டியே கேட்ட வேலை எதுவோ அதைச் செய்தாரா என்பதே அளவு. மற்றவர் எல்லாரும் பின்னால் நிற்க, எதிர்த்தாக்குதலுக்காக ஒருவரை முன்னாலேயே நிற்கச் சொல்லியிருந்தால், அவர் நிற்பது சோம்பலாகாது. அப்படி எதுவும் சொல்லப்படாத இடத்தில் நின்றால், அடித்த கோலோடு அதுவும் சேர்த்து எழுதப்படவேண்டும்.