முதலாளி இல்லாத கடை

திருக்குறளில் 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். அடுத்த அதிகாரம் சுற்றந்தழால். ஆளை ஆராய்ந்து எடுத்தபின் வேலையை அவன் பொறுப்பில் விடவேண்டும் என்பது முன்னதன் சாரம். சுற்றத்தாரை அணைத்துச் செல்லவேண்டும் என்பது பின்னதன் சாரம். இரண்டும் அரசனுக்குச் சொன்னவைதான். ஆனாலும் நாலு பேரை வைத்துக் கடை நடத்துகிறவனுக்கும் நன்றாகப் பொருந்தும். வேலைக்காரரைச் சுற்றமாக்குவது எப்படி? அதற்கு நம் திருவனந்தபுரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டு அருகே லாரி பேக்கர் கட்டிய வட்டமான செங்கல் கட்டடத்தை அறியாதவர் இல்லை. தளமே சுற்றிச் சுற்றி மேலே ஏறும் இந்தியன் காபி ஹவுஸ் அது. ஊரிலிருந்து வரும் நம் சொந்தக்காரர்கள் பீட்ரூட் போட்ட மசால் தோசையைப் பார்த்து, "இதென்ன மசாலா?" என்று கேட்பார்கள். விசிறித் தலைப்பாகையோடு தோசை கொண்டுவந்து வைக்கிறாரே, அவரைப் போன்ற பணியாளர்கள்தான் அந்த நிறுவனத்தின் உடைமையாளர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

காபி குடிக்கும் பழக்கத்தை நாட்டில் வளர்க்க, காபி வாரியம் பல ஊர்களில் காபி ஹவுஸ்களை நடத்திவந்தது. 1950களில் அவற்றை மூட முடிவெடுத்தது. பணியாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்போது பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே.கோபாலன், நீங்களே சங்கம் அமைத்து நடத்துங்கள் என்று வழிகாட்டினார். 1957இல் பெங்களூரில் முதல் சங்கம் அமைந்தது. கேரளத்தில் முதல் கடை 1958 மார்ச் 8 அன்று திருச்சூரில் திறந்தது. அங்கே முன்னின்றவர்களில் ஒருவரான என்.எஸ்.பரமேஸ்வரன் பிள்ளையும் வாரியத்தில் வேலை பார்த்தவர்தான். இன்று திருச்சூர், கண்ணூர் என்று இரண்டு சங்கங்கள் கேரளக் கடைகளை நடத்துகின்றன.

இது எப்படி நிற்கிறது? கூட்டுறவில் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். நிர்வாகக் குழுவை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வரவு செலவு பொதுக்குழு முன் வந்தாகவேண்டும். கணக்குத் தெரிந்தவனுக்குப் பால் கொட்டினால் மனசு பதறும். தெரியாதவனுக்கு அது முதலாளி வீட்டுப் பால். தேர்தல் என்றால் கட்சியும் சண்டையும் வராமல் இருக்குமா? வரும். ஆனால் அந்தச் சண்டையைப் பேசித் தீர்க்க ஒரு சபை இருக்கிறதே, அதுதான் பலம்.

சாலைக் கடைத்தெருவில் வணிகம் செய்யும் நாமெல்லாம் கடையைக் கூட்டுறவாக்க முடியாது. அதன் சாரத்தை எடுத்துக்கொள்ளலாம். என் கடையில் வருஷக் கணக்கு முடிந்ததும் பையன்களை உட்காரவைத்து விற்றது, மிஞ்சியது, வராத கடன் எல்லாம் சொல்லிவிடுவேன். வராத கடனை வசூலிக்க வழி சொல்வதும் பெரும்பாலும் அவர்கள்தான். சரக்கு எடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்தால் நடுவில் கைவைக்கக் கூடாது. தப்பு நடந்தால் வாடிக்கையாளர் முன் திட்டக் கூடாது. கடை சாத்தியபிறகு தனியே கேட்கவேண்டும். இதற்குப் பணச்செலவு ஏதுமில்லை. வருகிற தீபாவளி போனஸ் கொடுக்கும்போது, கணக்கையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.