பூட்டிய வாடியில் எலி புகாது காத்தல்

உடப்பு முதல் கற்பிட்டி வரையுள்ள கரையிலே கடற்றொழில் செய்வோர்க்கு வாடி என்பது வீடும் ஆகும், களஞ்சியமும் ஆகும். வலை, கயிறு, மிதவை, இயந்திர உதிரிகள், அரிசி மூடை, கருவாடு யாவும் ஒரே கிடுகுக் கூரையின்கீழ்க் கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை இக்கடல் கொந்தளிப்பாயிருத்தலின், கரைவலைக்காரர் பலர் கிழக்குக் கரைக்குப் பெயர்வது நெடுங்கால வழக்கம். அம்மாதங்களில் வாடி பூட்டிக் கிடக்கும். பூட்டு கள்வரைத் தடுக்கும், எலியைத் தடாது. திரும்பிவந்து வலையை விரிக்கும்போது, மடியின் நடுவே நைலோன் நூலைக் கத்தரித்துப் பஞ்சாக்கிக் குட்டி ஈன்ற கூடொன்று காணப்படுமாயின், பருவத்தின் முதல் நாட்கள் வலை பொத்துவதிலேயே கழியும். கடன்பட்டு வலை வாங்கிய குடும்பத்துக்கு அது சிறிய இழப்பன்று.

மேலைநாடுகளில் மோட்டார் வண்டியின் பின்னே இழுத்துச் செல்லும் பயண வீடுகளைக் குளிர்காலத்தில் நிறுத்தி வைப்போரும் இதே தொல்லைக்கு ஆளாகின்றனர். ஆளில்லாத இடம், மெத்தென்ற படுக்கை, மறந்துபோன உணவுத் துணுக்கு ஆகிய மூன்றும் கூடினால் எலிக்கு வேறென்ன வேண்டும்?

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. ஆதலின் கறித்தல் அதற்கு இயற்கை. சுண்டெலி 6 மில்லிமீற்றர் இடைவெளியிலும் நுழையும்; அஃதாவது ஒரு பென்சில் நுழையும் துளை போதும். வீட்டெலிக்கு அதனினும் இருமடங்கு வேண்டும். சுண்டெலியின் கருக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம். ஓர் ஈற்றிலே ஐந்தாறு குட்டிகள். அவையும் ஆறு வாரத்தில் இனம்பெருக்கும் பருவம் எய்தும். ஒரு சோடி பெருங்கூட்டமாதற்கு வாடி பூட்டிக் கிடக்கும் காலம் தாராளம்.

பலரும் முதலிலே நாடுவது நஞ்சு. எலிநஞ்சுகளுட் பெயர்பெற்ற ‘வார்பரின்’, பழைய மாணவர் சங்கத்தார்க்குச் சுவையான ஒரு வரலாறு உடையது. அமெரிக்காவிலே கெட்டுப்போன இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் குருதி உறையாது மாண்டன. அதன் காரணத்தை விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் போல் லிங்க் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் விளைவாக 1948இல் வெளிவந்த நஞ்சுக்கு, அப்பல்கலைக்கழகப் பழைய மாணவர் ஆராய்ச்சி மன்றத்தின் பெயரின் முதலெழுத்துகளே பெயரின் முற்பகுதியாயின. ஆயினும் 1958இலேயே ஸ்கொத்லாந்தில் அந்நஞ்சுக்கு அஞ்சாத எலிகள் தோன்றிவிட்டன. நஞ்சுண்ட எலி பூட்டிய வாடியிலே வலைக்குள் மாண்டு நாறும். அதைத் தின்ற பூனையும் ஆந்தையும் கெடும். கருவாடு இருக்குமிடத்தில் நஞ்சு வைப்பதை நாம் ஒப்புக்கொள்ளோம். இரசகற்பூர உருண்டைகளும் செவிக்கெட்டாத ஒலியெழுப்பும் கருவிகளும் நம்பத்தக்கனவல்ல. அத்தகைய ஒலிக்கருவி செய்வோரும் விற்போருமாக அறுபதின்மருக்கு மேற்பட்டோரை அமெரிக்க அரசின் வணிக ஆணைக்குழு 2001இல் எச்சரித்தது.

ஆகவே வழியை அடைப்பதே தக்கது. கல்வீடாயின் துளைகளைச் சீமெந்தாலும் நுண்ணிய கம்பிவலையாலும் அடைக்கலாம். நூல்கள் இரும்புப் பஞ்சை விதக்கும். உப்புக்காற்று வீசும் நம் கரையிலோ அது சில மாதங்களில் துருவாய் உதிரும். துருப்பிடியா எஃகு அல்லது செப்புப் பஞ்சே ஏற்றது. நுரைப்பசையை எலி எளிதிற் கறித்துவிடும்.

கிடுகு வாடியை எங்ஙனம் அடைப்பது? அதன் சுவரே துளைகளாலானது. எனவே வாடி முழுவதையும் காக்க முயலாது, வாடிக்குள்ளே எலி எட்டாத ஓரிடம் அமைத்தல் வேண்டும். இதற்கு நம் தென்னந்தோட்டங்களே வழிகாட்டும். மரத்தில் ஆறடி உயரத்திலே ஒரு முழ அகலத் தகரத்தைச் சுற்றி ஆணியறைவர். வழுவழுப்பான தகரத்தில் எலியின் நகம் பற்றாது. ஓலைகள் அடுத்த மரத்தைத் தொடுமாயின் அத்தகரம் வீண் என்பதையும் தோட்டக்காரர் அறிவர். துறைமுகத்திற் கப்பல் கட்டும் வடங்களிலே வட்டத் தகடு மாட்டுவதும் இம்முறையே. 1914இற் கொள்ளைநோய் கண்ட கொழும்புத் துறைமுகத்துக்கு அதன் அருமை சொல்ல வேண்டியதில்லை.

வாடியிலே மூன்றடிக்கு மேற்பட்ட கால்களையுடைய பரண் ஒன்றை, சுவரிலிருந்து நான்கடிக்குக் குறையாது தள்ளி அமைத்து, கால்தோறும் தகரம் சுற்றுக. ஓடிவந்து தாவும் எலி ஏறத்தாழ அவ்வளவு தூரமே எட்டும். பரணின்மேல் நன்கு கழுவி உலர்த்திய வலையை வைக்க. மீன்நெடி மாறாத வலை தானே அழைப்பு. வலையின் ஒரு தலைப்புக் கீழே தொங்கினாலும் தகரம் பயன்படாது, அதுவே ஏணியாகும். அரிசி, மாவு, கருவாடு யாவற்றையும் எடுத்துச் செல்க. சவர்க்காரத்தையும் மெழுகுதிரியையும் மறவற்க, எலி அவற்றையும் தின்னும். பொறி வைப்போர் ஒன்றறிய வேண்டும். வீட்டெலி புதிய பொருளைக் கண்டு பல நாள் ஒதுங்கும். ஆதலின் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே இரையிட்ட பொறியை விசை ஏற்றாது வைத்துப் பழக்கி, அதன்பின் ஏற்றுக.

மீண்டும் வாடியைத் திறக்கும் நாள் கவனத்துக்குரியது. கதவு பலகைகளை நெடுநேரம் திறந்துவிட்டு, எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காது குளோரின் கலந்த நீர் தெளித்துத் துடைத்தெடுக்க. கையிலோ காலிலோ கீறலிருந்தால் உறையும் செருப்பும் அணிக. எலியின் சிறுநீரால் வரும் எலிக்காய்ச்சல் 2008இல் இந்நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஐயுறப்பட்டது. அது ஈரத்தின் வழியாகவும் தோற்புண்ணின் வழியாகவும் புகும். பின்வரும் இரண்டு மூன்று வாரங்களில் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் காணின், உடனே மருத்துவமனைக்குச் சென்று, எலி குடியிருந்த வாடியைத் துப்புரவு செய்த செய்தியை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.