பல்லியின் பாதம்

சென்ற மாரியிலே எம் அன்னையார் சுகவீனமுற்று வைத்தியசாலையில் இருந்தார். எண்பது வயதைக் கடந்தவர். கடதாசி போன்ற மெல்லிய தோல். மருந்தேற்றிய குழாயைப் பிடித்திருந்த பிளாஸ்டரைத் தாதி உரித்தபோது கைத்தோலும் அதனுடன் கிழிந்து வந்தது. தாதியைக் குறைகூறுவதற்கில்லை, மெதுவாகத்தான் உரித்தார். ஒட்டத் தெரிந்த அப்பொருளுக்கு விடத் தெரியவில்லை.

அன்றிரவு வீடு திரும்பி விளக்கை ஏற்றியபோது, விறாந்தை முகட்டிலே தலைகீழாக ஒரு பல்லி ஓடிற்று. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் நாம் அதன் காலை உற்றுப் பார்த்ததில்லை!

பல்லியின் பாதத்திலே பசை உண்டென்றே இளமையில் எண்ணியிருந்தோம். பசை சுரக்கும் உறுப்பு எதுவும் அங்கில்லை. காற்றை உறிஞ்சி ஒட்டுகின்றதோவெனின், காற்று நீக்கிய கலத்தினுள்ளும் அது பிடிவழுவாது நிற்கின்றது. 2000 ஆம் ஆண்டிலே கெலர் ஓற்றம் முதலிய அமெரிக்க விஞ்ஞானிகள், தென்கிழக்காசியாவில் வாழும் தோக்கே என்னும் பெரும்பல்லியின் பாதத்திலிருந்து ஒரேயொரு மயிரைப் பிரித்தெடுத்து, அதன் பிடியை அளந்தனர். ஓர் எறும்பைத் தூக்க அது போதும். அத்தகைய மயிர்கள் ஒரு பாதத்தில் ஏறத்தாழ 5 இலட்சம் உள. ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து, சிற்றகப்பை வடிவில் முடிகின்றது. அவ்வகப்பையின் அகலம் ஒரு மில்லிமீற்றரின் 5,000 இல் ஒரு பங்கே. இத்துணை நுண்ணியவை சுவரோடு மிக நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கிடையே மெல்லியதொரு கவர்ச்சி உண்டாகின்றது. ஒல்லாந்து அறிஞர் வான் டெர் வால்ஸின் பெயரால் வழங்கும் அவ்விசையே பல்லியைத் தாங்குகின்றதென்பதற்கு 2002 இல் தக்க சான்று கிடைத்தது.

ஆயினும் எம்மை வியக்கவைத்தது அதன் பிடியன்று. அது பிடியை விடும் முறையே. மயிரை அழுத்திச் சற்றே இழுத்தால் அது பற்றும். சுவருக்கும் அதற்கும் இடையிலுள்ள கோணம் ஏறத்தாழ 30 பாகையைத் தாண்டியதும் தானே கழன்றுவிடும். அதனாற்றான் பல்லி ஒவ்வோர் அடியிலும் விரலை நுனியிலிருந்து பின்னோக்கிச் சுருட்டுகின்றது. இரவிலே சாளரக் கண்ணாடியில் ஊரும் பல்லியை மறுபுறம் நின்று நோக்கினால் மாணவர் இதனைக் கண்ணாரக் காணலாம்.

2003 இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கெய்ம் குழுவினர் நுண்மயிர்கள் நிறைந்த பிளாஸ்ரிக் பட்டையொன்றைச் செய்தனர். சில முறை ஒட்டியதும் மயிர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, பிடி தளர்ந்தது. 2014 இல் ஸ்டான்பர்ட் பல்கலைக்கழகத்தார் செய்த சிலிக்கோன் தகடுகளோ பாரம் தொங்கும்போது பற்றும். பாரம் நீங்கியதும் விடும். அவற்றைக் கையிலேந்தி 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் கண்ணாடிச் சுவரில் ஏறினார். இவற்றினும் எம் நெஞ்சைத் தொட்டது, 2011 இல் தென்கொரிய ஆய்வாளர் செய்த மருத்துவப் பட்டையே. பசையின்றி, காளான் வடிவான நுண்தூண்களால் மனிதத் தோலில் ஒட்டும் அதனை உரித்து மீண்டும் மீண்டும் ஒட்டலாம்.

அன்னையாரிடம் இதனைக் கூறினோம். "அப்ப பல்லியிட்டைப் படிச்சுத்தான் பிளாஸ்டர் செய்யினமோ?" என்று சிரித்தார். அவர் கையிலே அத்தழும்பு இன்னும் உளது.