லாரி ஓட்டுநர்களுக்கு எட்டாத எட்டு மணி நேரம்

புதுதில்லி: பெங்களூரு விவேக் நகரில் இருந்து சென்னைக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய லாரி இந்தத் தொலைவைக் கடக்க எட்டு மணி நேரம் வரை ஆகிறது. ஓர் ஓட்டுநருக்கு ஒரு நாளில் சட்டம் அனுமதிக்கும் வேலை நேரமும் எட்டு மணிதான். ஏட்டளவில் கணக்கு சரியாகவே இருக்கிறது. ஆனால், சரக்கு ஏற்றுவதற்காகக் கிடங்கு வாசலில் அந்த ஓட்டுநர் பகல் முழுவதும் காத்துக் கிடந்த நேரம் இந்தக் கணக்கில் இல்லை.

குழந்தை இயேசு ஆலயத்தால் அறியப்படும் விவேக் நகரும், அதையொட்டிய நீலசந்திரா, ஆஸ்டின் டவுன் பகுதிகளும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் இடங்கள். தமிழகத்துக்கான வாசலான ஓசூர் சாலை இங்கிருந்து சிறிது தூரத்தில் உள்ளது. அந்தச் சாலையில் இரவு நேரத்தில் கிருஷ்ணகிரி, வேலூர் நோக்கியும், தொப்பூர் கணவாய் வழியே சேலம், நாமக்கல் நோக்கியும் செல்லும் லாரிகளை ஓட்டுபவர்கள் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்ய நடைமுறையில் எவரும் இல்லை.

உச்ச நீதிமன்றத்தின் தலையீடு: இந்த நிலை உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்ததற்கு ஒரு தமிழகத் தொடர்பும் உண்டு. சாலை விபத்துகளைக் குறைக்க நடவடிக்கை கோரி, கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் பொதுநல மனு தாக்கல் செய்தார். அந்த வழக்கில்தான் 2014-ல் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது.

அதே வழக்கில் 2025 ஏப்ரலில் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோர் கொண்ட அமர்வு, ஓட்டுநர்களின் வேலை நேர வரம்பு குறித்த சட்டப் பிரிவுகளை நடைமுறைப்படுத்த வழி காணுமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. இதற்காக மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் அதிகாரிகளை அழைத்துக் கூட்டங்கள் நடத்துமாறும் கூறியது.

நீதிமன்றம் புதிய சட்டம் எதையும் கேட்கவில்லை. ஏற்கெனவே இருந்த சட்டத்தைச் செயல்படுத்துமாறுதான் கேட்டது.

சட்டம் சொல்வது என்ன?: மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ல் இயற்றப்பட்டது. ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதன் அடிப்படை வரம்பு. நெடுந்தூரப் பயணங்களுக்கு உரிய அதிகாரியின் ஒப்புதலுடன் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை நீட்டிக்க இடம் இருந்தது. ஐந்து மணி நேர வேலைக்கு முன்பாகக் குறைந்தது அரை மணி நேர இடைவேளை தர வேண்டும். ஒரு நாள் பணி முடிவுக்கும் மறுநாள் பணித் தொடக்கத்துக்கும் இடையே தொடர்ச்சியாக ஒன்பது மணி நேர ஓய்வும், வாரம் ஒரு நாள் விடுமுறையும் கட்டாயம். இடைவேளையையும் சேர்த்து ஒரு நாளின் பணிக்காலம் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

மீறினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம் என்றது அந்தச் சட்டம். 500 ரூபாய் என்ற தொகை கடைசி வரை உயர்த்தப்படவே இல்லை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆவது பிரிவும் இதே வரம்பைச் சுட்டுகிறது. போக்குவரத்து வாகனத்தை இயக்க அமர்த்தப்படும் எவருடைய வேலை நேரமும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கூறப்பட்டபடியே இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு.

ஐந்து பத்தானது: 1961-ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே பொருந்தியது. இந்தச் சட்டத்தையும் சேர்த்து 13 சட்டங்களை ஒன்றாக்கிய பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. எட்டு மணி நேர வேலை என்ற வரம்பு அதிலும் தொடர்கிறது. ஆனால், மோட்டார் போக்குவரத்து நிறுவனம் என்று கருதப்படத் தேவையான தொழிலாளர் எண்ணிக்கை பத்தாக உயர்ந்துவிட்டது.

இதன் பொருள் என்ன? ஒரு லாரிக்கு ஓட்டுநர், கிளீனர் என இருவர் என்று கொண்டால், முன்பு மூன்று லாரி வைத்திருந்தவர் சட்டத்தின் வரம்புக்குள் வந்தார். இப்போது ஐந்து லாரி இருந்தால்தான் வருவார். கிளீனர் இல்லாமல் ஓட்டுநர் மட்டுமே செல்லும் வண்டிகளாக இருந்தால் பத்து லாரி வேண்டும். நாட்டின் லாரி உரிமையாளர்களில் பெரும்பாலோர் ஓரிரண்டு வண்டிகளை மட்டுமே வைத்திருப்பவர்கள். பலர் தாங்களே ஓட்டுநர்களும்கூட. சாலையில் ஓடும் லாரிகளில் கணிசமானவை இவ்வாறு சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

காத்திருப்பு வேலையில்லையா?: வரம்புக்குள் வந்தவர்களுக்கும் வேறொரு சிக்கல் இருந்தது. வண்டி ஓடும் நேரம், அதைச் சார்ந்த துணை வேலைகளுக்கான நேரம் ஆகியவற்றுடன், நிலையங்களில் வெறுமனே காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே அது வேலை நேரத்தில் சேரும் என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. குறிப்பிட்ட கால அட்டவணைப்படி ஓடும் பேருந்துகளுக்கு இந்த வரையறை பொருந்தலாம். சரக்கு லாரிகளின் நடைமுறை வேறு.

காலை 10 மணிக்குக் கிடங்குக்கு வரும் ஓட்டுநர், இரவு 9 மணிக்கு லோடு ஏற்றி முடித்துப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிகாலை 5 மணிக்கு அவர் சென்னையை அடையும்போது வண்டி ஓட்டியது எட்டு மணி நேரம்தான். அவர் காலை 6 மணிக்குத் துயில் எழுந்தவர் என்றால், அப்போது 23 மணி நேரமாக விழித்திருக்கிறார். 12 மணி நேரப் பணிக்கால வரம்பு இதைத் தடுத்திருக்க வேண்டும். ஆனால், பணி எப்போது தொடங்கியது என்று எழுதி வைக்கும் பதிவேடு பெரும்பாலான லாரிகளில் இல்லை. வருமானமும் மணிக்கணக்கில் அல்லாமல், நடைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. ஓய்வெடுத்தால் நடை குறையும். நடை குறைந்தால் வீட்டுக்குச் செல்லும் பணம் குறையும்.

மதுவுக்கு இணையான விழிப்பு: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 50 மில்லி கிராம் மது கலந்திருப்பவரின் செயல்திறனுக்குச் சமமாகக் குறைகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-ல் கண்டறிந்தனர். இந்தியாவில் வாகனம் ஓட்டுவோருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 30 மில்லி கிராம் மட்டுமே. மது அருந்தியவரைக் கண்டறியப் போலீஸாரிடம் கருவி உள்ளது. தூங்காதவரைக் கண்டறிய எதுவும் இல்லை.

சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் 10 நகரங்களில் லாரி ஓட்டுநர்களிடம் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வில், களைப்பாகவோ தூக்கக் கலக்கத்துடனோ இருக்கும்போதும் வண்டி ஓட்டுவதாக ஏறத்தாழ பாதிப் பேர் ஒப்புக்கொண்டனர்.

ஆனால், அரசின் விபத்துப் புள்ளிவிவரங்களில் இதைத் தனியே காண முடிவதில்லை. சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கையின்படி 2022-ல் நாட்டில் நிகழ்ந்த 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழகமே முதலிடத்தில் இருந்தது. அதிவேகம், குடிபோதை, எதிர்த் திசைப் பயணம், சிவப்பு விளக்கை மீறுதல், செல்போன் பயன்பாடு என விதிமீறல்களை வகைப்படுத்தும் அந்த அறிக்கையில், களைப்புக்கென ஒரு வகை இல்லை. தூங்கிவிட்ட ஓட்டுநரின் வண்டியும் 'அதிவேகம்' அல்லது 'பிற' என்ற கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

இரண்டாவது ஓட்டுநர்: நெடுந்தூர லாரிகளுக்கு முன்பு ஒரு பாதுகாப்பு இருந்தது. தேசிய பெர்மிட் பெற்ற வாகனத்தில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறின. 2018 நவம்பரில் இந்த நிபந்தனை நீக்கப்பட்டது. ஒருவர் ஓட்ட மற்றவர் உறங்கலாம் என்ற ஏற்பாடு அத்துடன் சட்டக் கட்டாயமாக இல்லாமல் போனது.

வெளிநாடுகளில்: ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். நாளுக்கு ஒன்பது மணி நேரமே ஓட்டலாம். வாரத்தில் இரு நாள் மட்டும் பத்து மணி வரை அனுமதி உண்டு. வண்டியில் பொருத்தப்பட்ட டாக்கோகிராஃப் கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவு செய்கிறது. அமெரிக்காவில் பத்து மணி நேர ஓய்வுக்குப் பின் 11 மணி நேரம் வரை ஓட்டலாம். 2017 டிசம்பர் முதல் அங்கும் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயம். ஜப்பான் 2024 ஏப்ரல் முதல் லாரி ஓட்டுநர்களின் கூடுதல் நேரப் பணியை ஆண்டுக்கு 960 மணி நேரமாகக் கட்டுப்படுத்தியது. அனுமதிக்கும் நேரம் நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்த வரம்பைக் காப்பது வண்டியிலேயே இருக்கும் பதிவுக் கருவிதான்.

அரசின் முயற்சிகள்: விமானிகளுக்கு இருப்பதுபோல லாரி ஓட்டுநர்களுக்கும் ஓட்டும் நேரம் நிர்ணயிக்கப்பட வேண்டும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2021 செப்டம்பரில் வலியுறுத்தினார். தூக்கக் கலக்கத்தை உணர்ந்து எச்சரிக்கும் கருவிகளைப் பொருத்துவது பற்றியும் அவர் பேசினார். புதிய லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி 2025-ல் கட்டாயமானது. நெடுஞ்சாலைகளில் முதல் கட்டமாக 1,000 ஓய்வு இல்லங்கள் கட்டப்படும் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் மோடி அறிவித்தார்.

இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால், ஓய்வு இல்லம் இருந்தாலும் அங்கே வண்டியை நிறுத்த ஓட்டுநருக்கு நேரம் இருக்க வேண்டும். சரக்கு எப்போது சேர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் அவர் அல்லர். சரக்கை அனுப்புபவரும் புக்கிங் அலுவலகமும்தான். தாமதத்துக்கு வாடகையில் பிடித்தம் செய்யும் இவர்களுக்கு, ஓட்டுநரின் ஓய்வில் எந்தப் பொறுப்பும் இல்லை.

பதிவுக்கான வசதி ஓரளவு ஏற்கெனவே உள்ளது. 2021 பிப்ரவரி முதல் சுங்கச் சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாக இருப்பதால், ஒரு லாரி எந்த நேரத்தில் எந்தச் சாவடியைக் கடந்தது என்ற விவரம் தானாகவே பதிவாகிறது. ஓசூரைத் தாண்டிய வண்டி இடையே எங்கும் நிற்காமல் ஓடியதா என்பதை அதைக் கொண்டே ஊகிக்கலாம். கிடங்கு வாசலில் லாரி வந்த நேரமும் புறப்பட்ட நேரமும் ஆவணத்தில் குறிக்கப்பட்டால், ஓட்டுநரின் நாள் முழுவதும் கணக்குக்குள் வந்துவிடும். அந்தக் கணக்கு எழுதப்படும் வரை, விவேக் நகரில் இருந்து கிளம்பும் ஓட்டுநருக்கு எட்டு மணி நேர வேலை சட்டப் புத்தகத்தில் மட்டுமே இருக்கும். அவர் எப்போது வீடு திரும்புவார் என்பதும் அவருடைய குடும்பத்துக்கு நிச்சயமில்லை.