கடவுச்சொல் சரி, கதவு திறக்கவில்லை!

நாளைக் காலையில் அறிவியல் கண்காட்சிக்கான கட்டுரையை ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் உழைத்து எழுதிய கட்டுரை கணிப்பொறிக்குள் இருக்கிறது. மாலையில் அதை இயக்குகிறீர்கள். ‘புதுப்பித்தல் நடைபெறுகிறது, அணைத்துவிடாதீர்கள்’ என்று திரை சொல்கிறது. அரை மணி நேரம் கழித்து வழக்கமான நுழைவுத் திரை வருகிறது. கடவுச்சொல்லைத் தட்டுகிறீர்கள். ‘தவறு’ என்கிறது. மீண்டும் தட்டுகிறீர்கள். மறுபடியும் ‘தவறு’!

பக்கத்துக் கடைக்கு எடுத்துச் சென்றால், “ஃபார்மேட் போட்டுவிடலாம்” என்பார்கள். கணிப்பொறி திறந்துவிடும், ஆனால் உங்கள் கட்டுரை போய்விடும். அவசரப்படாதீர்கள். கணிப்பொறி உங்களை எப்படி அடையாளம் காண்கிறது என்று தெரிந்துகொண்டால், பழுது எங்கே என்பதைப் பெரும்பாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

கடவுச்சொல் உள்ளே இருக்கிறதா?

கணிப்பொறிக்குள் உங்கள் கடவுச்சொல் எழுதி வைக்கப்பட்டிருக்கும் என்று நினைப்பீர்கள். தொடக்க காலத்தில் அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையை உருவாக்கி, 1961-இல் செய்து காட்டினார்கள். ஒருவருடைய கோப்பை மற்றவர் தொடக்கூடாது அல்லவா? அதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் கொடுத்தார்கள். எல்லாருடைய கடவுச்சொற்களும் ஒரே பட்டியலாக, படிக்கக்கூடிய வடிவில், கணிப்பொறியில் இருந்தன.

1960-களின் நடுவில் ஒரு நாள் வேடிக்கையான விபத்து ஒன்று நிகழ்ந்தது. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தனர். ஒன்று, பயனாளர்கள் நுழையும்போது காட்டப்படும் அன்றைய அறிவிப்பு; மற்றொன்று, கடவுச்சொல் பட்டியல். திருத்தும் நிரல் இரண்டுக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உண்டாக்கியதால் அவை இடம் மாறிவிட்டன. விளைவு, நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக அனைவரது கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன!

எழுதி வைப்பதே ஆபத்து என்பது விளங்கியது. இதற்கொரு வழியை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் நீடாம் 1960-களிலேயே காட்டினார். கடவுச்சொல்லை வைத்திருக்க வேண்டாம். அதை ‘அரைத்து’ வரும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு சிறிய கணக்கு

இதை நீங்களே செய்து பார்க்கலாம். உங்கள் இரகசிய எண் 347 என்று கொள்வோம். அதன் வர்க்கம் 1,20,409. அதை 97-ஆல் வகுத்தால் மீதி 32. கணிப்பொறி 32 என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை நீங்கள் 347 என்று தட்டினால், மீண்டும் இதே கணக்கைச் செய்து, 32 வருகிறதா என்று பார்க்கும். வந்தால் கதவு திறக்கும்.

தவறி 348 என்று தட்டினால்? வர்க்கம் 1,21,104. மீதி 48. கதவு திறக்காது. ஓர் இலக்கத்தில் ஒன்று கூடினாலும் விடை வேறாகிவிடுகிறது. சரி, 32 என்பதை மட்டும் பார்த்தவர் 347-ஐக் கண்டுபிடிக்க முடியுமா? மாவைப் பார்த்து அதை மீண்டும் அரிசியாக்க முடியாது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

நமது கணக்கில் ஒரு குறை உண்டு. 41 என்ற எண்ணுக்கும் மீதி 32 தான் வரும். உண்மையான கணிப்பொறியில் கணக்கு மிகச் சிக்கலானது. விடையும் மிக நீளமானது. 256 இருமை இலக்கங்கள் கொண்ட விடை என்றால், நாம் எழுதும் முறையில் அது 78 இலக்கம் வரை நீளும். ஆகவே இரண்டு கடவுச்சொற்களுக்கு ஒரே விடை வரும் என்ற கவலை நடைமுறையில் இல்லை.

1979-இல் ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் என்ற இருவர் யூனிக்ஸ் அமைப்பில் தாங்கள் செய்த ஒரு மாற்றத்தை விளக்கி எழுதினார்கள். அரைக்கும்போது ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண்ணை ஒரு சிட்டிகை சேர்ப்பது என்பதே அது. இதற்கு ‘உப்பு’ என்றே பெயர்! அவர்கள் வைத்த உப்பில் 4,096 வகைகள் இருந்தன. இதனால் இருவர் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தாலும் பட்டியலில் வெவ்வேறு விடைகள் இருக்கும்.

இதிலிருந்து நமக்கு வேண்டிய செய்தி ஒன்று கிடைக்கிறது. ‘கடவுச்சொல் தவறு’ என்று திரை சொன்னால், நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று பொருள் அல்ல. ‘கணக்கின் விடை பொருந்தவில்லை’ என்பதே அதன் பொருள். தட்டிய எழுத்து மாறியிருக்கலாம்; கணக்கு மாறியிருக்கலாம்; ஒப்பிடும் இடத்தில் சிக்கல் இருக்கலாம்.

மூன்று கதவுகள்

ஒரு வீட்டுக்குள் செல்ல வாசல் கேட், வீட்டுக் கதவு, அறைக் கதவு என மூன்றைக் கடப்பதுபோல, கணிப்பொறியிலும் மூன்று கதவுகள் உண்டு. எந்தக் கதவில் நிற்கிறோம் என்பதை முதலில் அறிய வேண்டும்.

முதற்கதவு, வட்டின் பூட்டு. நுழைவுத் திரை வருவதற்கு முன்பே, நீலத் திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டால் நீங்கள் இந்தக் கதவில் நிற்கிறீர்கள். விண்டோஸ் கணிப்பொறிகளில் உள்ள பிட்லாக்கர் என்னும் பூட்டு இது. கணிப்பொறியின் அடிப்படை நிரல் மாறினால், ‘யாரோ கை வைத்துவிட்டார்கள்’ என்று ஐயப்பட்டு இந்த எண்ணைக் கேட்கும். உங்கள் வழக்கமான கடவுச்சொல் இங்கே பயன்படாது. இந்த எண்ணைப் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் காணலாம். வேறொரு கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள்.

இரண்டாம் கதவு, நுழைவுத் திரை. இங்கே ‘தவறு’ என்று வந்தால் முதலில் விசைப்பலகையைச் சந்தேகியுங்கள். புதுப்பித்தலுக்குப் பின் விசைப்பலகையின் அமைப்பு மாறிவிடுவது உண்டு. அமெரிக்க அமைப்பில் ஷிஃப்டுடன் 2-ஐ அழுத்தினால் ‘@’ வரும்; பிரிட்டிஷ் அமைப்பில் மேற்கோள் குறி வரும். தமிழ் 99 அமைப்பில் ஆங்கில ‘ஏ’ இருக்கும் விசை ‘அ’-வைத் தரும். திரையில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் பிழை கண்ணில் படாது. கட்டத்தின் ஓரத்தில் கண் போன்ற குறி இருந்தால் அதை அழுத்தித் தட்டியதைப் பாருங்கள். எண் விசைகள் இயங்குகின்றனவா, கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள்.

நான்கு இலக்கப் பின் எண்ணைப் பயன்படுத்துபவரா நீங்கள்? அந்த எண் அந்த ஒரு கணிப்பொறிக்கு மட்டுமே உரியது. பெரும்பாலும் அதிலுள்ள ஒரு பாதுகாப்புச் சில்லுடன் கட்டப்பட்டிருக்கும். புதுப்பித்தல் அந்தச் சில்லைத் தொட்டால் பின் எண் செல்லாமல் போகலாம். அப்போது ‘வேறு வழியில் நுழைக’ என்பதைத் தேர்ந்து, முழுக் கடவுச்சொல்லைத் தட்டினால் திறக்கும்.

மூன்றாம் கதவு, உங்கள் அறை. கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு, திரை ஒரு கணம் கறுத்து, மீண்டும் நுழைவுத் திரைக்கே வந்துவிட்டால்? கடவுச்சொல் சரி என்பது உறுதி! உங்கள் மேசைத் திரையை விரிப்பதில்தான் தடை. வட்டில் இடம் நிறைந்துவிட்டதா, திரையை இயக்கும் நிரல் புதிய அமைப்புக்குப் பொருந்தவில்லையா என்று பார்க்க வேண்டும். லினக்ஸ் கணிப்பொறியில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் எழுத்துகள் மட்டும் கொண்ட கறுப்புத் திரை வரும். அங்கே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைய முடிந்தால், பழுது மூன்றாம் கதவில்தான். விண்டோஸில் நுழைவுத் திரையில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ‘மறுதொடக்கம்’ என்பதை அழுத்தினால் பழுது நீக்கும் பட்டியல் வரும். அண்மையில் வந்த புதுப்பித்தலை மட்டும் நீக்கும் வழி அதில் இருக்கிறது. இது உங்கள் கோப்புகளை அழிக்காது. ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்ற வழியும் அதே பட்டியலில் இருப்பதால் நிதானமாகப் படித்துத் தேர்ந்தெடுங்கள்.

பெரிய இடங்களிலும் இதே கதை

இத்தகைய சிக்கல் நமக்கு மட்டும் வருவதன்று. 2022 நவம்பர் 8-ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட புதுப்பித்தலை ஏற்ற பிறகு, பல அலுவலகங்களில் ஊழியர்களால் நுழைய முடியவில்லை. அவர்களுடைய கடவுச்சொற்களில் எந்தத் தவறும் இல்லை. நுழைவுச் சீட்டு வழங்கும் மையக் கணிப்பொறி, எந்த மறையாக்க முறையை ஏற்பது என்ற விதி மாறியதில் தடுமாறிவிட்டது. சில நாட்களில் திருத்தம் வந்தது.

அந்தச் சீட்டு முறைக்குக் கெர்பரோஸ் என்று பெயர். அதற்கு நேரம் மிக முக்கியம். உங்கள் கணிப்பொறிக் கடிகாரத்துக்கும் மையக் கணிப்பொறியின் கடிகாரத்துக்கும் வழக்கமாக 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் சீட்டு செல்லாது. பழைய கணிப்பொறியில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோயிருந்தால், மின்சாரம் துண்டித்து மீண்டும் இயக்கும்போது கடிகாரம் பின்னோக்கிப் போய்விடும். நுழைய முடியாததற்குக் காரணம் புதுப்பித்தல் என்று நாம் எண்ணுவோம். உண்மைக் காரணமோ சின்ன மின்கலம்! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஒன்றுக்குப் பின் ஒன்று நிகழ்ந்ததாலேயே, முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது.

2024 ஜூலை 19-ஆம் நாள் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிரலுக்கு வந்த பழுதான ஒரு கோப்பினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையுடன் நின்றுவிட்டன. இது இயக்க அமைப்பின் புதுப்பித்தல் அன்று. விளைவு மட்டும் அதைப் போன்றதே. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மருந்து எளியதுதான்: பாதுகாப்பு நிலையில் இயக்கி, அந்த ஒரு கோப்பை நீக்கினால் போதும். ஆனால் வட்டுப் பூட்டு போட்டிருந்த கணிப்பொறிகளில் அதற்கு முன் 48 இலக்க எண் தேவைப்பட்டது. அதைக் குறித்து வைத்திருந்தவர்கள் விரைவில் மீண்டார்கள்.

அப்படியானால் புதுப்பித்தலே வேண்டாமே என்று கேட்பீர்கள். அது சரியன்று. 2017 நவம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஹை சியரா இயக்க அமைப்பில் ஒரு ஓட்டை வெளிப்பட்டது. ‘ரூட்’ என்ற பெயரைக் கொடுத்து, கடவுச்சொல்லே இல்லாமல் நிர்வாகியாக நுழைந்துவிடலாம்! அடுத்த நாளே வந்த புதுப்பித்தல்தான் அதை அடைத்தது. திறக்காத கதவு தொல்லை. யாருக்கும் திறக்கும் கதவோ பேராபத்து.

இன்றே செய்ய வேண்டியவை

கதவு திறந்திருக்கும்போதே மூன்று வேலைகளைச் செய்துவிடுங்கள். முதலாவது, முக்கியக் கோப்புகளின் படி ஒன்றைப் பென் டிரைவிலோ வேறிடத்திலோ வையுங்கள். இரண்டாவது, 48 இலக்க எண் இருந்தால் அதைத் தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். கணிப்பொறிக்குள்ளேயே வைத்தால் பயனில்லை. மூன்றாவது, வீட்டுக் கணிப்பொறியில் பெரியவர் ஒருவர் பெயரில் இரண்டாவது நிர்வாகிக் கணக்கு ஒன்றை உண்டாக்குங்கள்.

இவ்வளவு செய்தும் கதவு திறக்காமல் கடைக்குப் போக நேர்ந்தால், “ஃபார்மேட் போடுவதற்கு முன் கோப்புகளைப் படி எடுத்துக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். வட்டு பூட்டப்படாமல் இருந்தால், பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸைக் கொண்டு கணிப்பொறியை இயக்கி, உங்கள் கட்டுரையை எடுத்துவிடலாம். தொலைபேசியில் அழைத்து, “சரி செய்கிறேன், கடவுச்சொல்லைச் சொல்லுங்கள்” என்பவரை மட்டும் நம்பாதீர்கள்.

மருத்துவர் நோயாளியைக் கண்டவுடன் கத்தியை எடுப்பதில்லை. நாடி பார்க்கிறார், நாக்கைப் பார்க்கிறார், எங்கே வலி என்று கேட்கிறார். கணிப்பொறியிடமும் அப்படியே நடந்துகொள்ளுங்கள். எந்தக் கதவில் நிற்கிறோம் என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள், கண்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் முறையும் இதுதானே!