பாளையத்திற்கு வெளியே



தவக்காலம் தொடங்கியதும் பங்குத்தந்தையரிடம் தவறாமல் கேட்கப்படும் வினா ஒன்றுண்டு. "சுவாமி, இம்முறை எதை விட்டுவிடலாம்?" இறைச்சி, மீன், மது, தொலைக்காட்சித் தொடர் என்று பட்டியல் நீளும். ஒறுத்தல் நல்லதே, அதைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் பலி என்பதை 'விட்டுவிடுதல்' என்ற அளவிலேயே நிறுத்திக்கொண்டால், மறைநூல் காட்டும் பலியின் பாதியைத்தான் நாம் கண்டவர்களாவோம். மறுபாதியைக் காண லேவியர் நூலின் 16ஆம் அதிகாரத்தைத் திறவுங்கள். பலரும் சலிப்போடு புரட்டிக் கடந்துவிடும் பக்கம் அது.

ஆண்டுக்கொருமுறை வரும் பாவக்கழுவாய் நாளில் தலைமைக் குரு இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து நிறுத்துவார், சீட்டுப் போடுவார். ஒன்று ஆண்டவருக்கெனப் பலியாகும். அதன் இரத்தம் திரைக்கு உள்ளே கொண்டுசெல்லப்படும். மற்றொன்றின் தலைமேல் அவர் தம் இரு கைகளையும் வைத்து, மக்களின் குற்றங்களையெல்லாம் அறிக்கையிடுவார். அந்த ஆடு ஆள் நடமாட்டமற்ற பாலைநிலத்திற்கு ஓட்டிவிடப்படும். பலியான விலங்குகளின் தோலும் இறைச்சியும் பாளையத்திற்கு வெளியே சுட்டெரிக்கப்படும். 'வெளியே' என்னும் அச்சொல்லை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மூன்று அதிகாரங்களுக்கு முன்னர், தொழுநோயாளரின் குடியிருப்பும் அதே பாளையத்திற்கு வெளியேதான் குறிக்கப்பட்டுள்ளது. பாவத்தைச் சுமந்ததும் வெளியே. நோயைச் சுமந்தவரும் வெளியே.

எபிரேயர் திருமுகத்தின் ஆசிரியர் இதை நன்கு கவனித்திருக்கிறார். 13ஆம் அதிகாரத்தில் அவர் இயேசு நகர வாயிலுக்கு வெளியே பாடுபட்டதைச் சுட்டிக்காட்டி, நாமும் பாளையத்தை விட்டு வெளியேறி அவரிடம் செல்லவேண்டும் என்று அழைக்கிறார். சினங்கொண்ட தந்தையைத் தணிக்க மகனின் இரத்தம் தேவைப்பட்டது என்று சிலர் எண்ணுவது தவறு. அது நம் திருச்சபையின் போதனை அன்று. உலகின்மேல் கொண்ட அன்பினாலேயே தந்தை மகனை அனுப்பினார் என்கிறது யோவான் நற்செய்தி. மகன் வெளியே தள்ளப்பட்டோரின் இடத்தில் தாமே வந்து நின்றார். அதுவே கழுவாய் ஆயிற்று. (கழுவாய் என்பது மொழிபெயர்ப்பாளர் புதிதாகப் புனைந்த சொல் அன்று; புறநானூற்றிலேயே காணப்படும் பழஞ்சொல்.)

கண்டியில் வாழும் நமக்கு இம்மறையுரையின் விளக்கவுரை நம் மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1651இல் கோவாவில் பிறந்த புனித யோசேவாஸ் அடிகளார், ஒல்லாந்தர் ஆட்சியில் குருவானவரின்றித் தவித்த கத்தோலிக்கரைத் தேடி 1687இல் எளிய கூலியாள் கோலத்தில் இலங்கைக்கு வந்தவர். 1692இல் கண்டி அரசுக்குள் நுழைந்தபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிடப்பட்டார். அவருடைய வாழ்வைக் கண்ட பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர் காலப்போக்கில் அவருக்குப் பாதுகாப்பும் உரிமையும் வழங்கினார் என்பதை நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

1697ஆம் ஆண்டு கண்டி மாநகரில் வைசூரி என்னும் பெரியம்மை பரவியது. எட்வர்டு ஜென்னர் அம்மைத் தடுப்பு முறையைச் செய்துகாட்டியது 1796இல். அதற்கு 99 ஆண்டுகளுக்கு முந்திய காலம் அது. மருந்து இல்லை. வசதி படைத்தோர் நகரை விட்டு அகன்றனர். அம்மை கண்டவரைச் சொந்தக் குடும்பத்தாரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். இன்று நாம் மாலையில் சுற்றிவரும் ஏரி அன்று இல்லை. அது வெட்டப்பட்டது ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே. நகரைச் சூழ்ந்திருந்தவை மலையும் அடர்ந்த காடுமே. அக்காட்டுக்குள் அடிகளாரும், அவருடைய உறவினரான யோசேப்பு கார்வாலியோ அடிகளாரும் சென்றனர். நோயாளருக்குக் குடில் அமைத்தனர்; உணவூட்டினர்; புண்களைக் கழுவினர்; இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தனர். இவர் கத்தோலிக்கரா, பௌத்தரா என்று பார்த்துப் பணிசெய்யவில்லை. எபிரேயர் திருமுகத்தின் அந்த வசனத்தை அவர்கள் கால்களால் வாசித்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்பெற்றோரையும் மனைவியரையும் நாம் எளிதில் குற்றஞ்சாட்டவும் இயலாது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றின்போது நாமும் அஞ்சினோம்; நம் உறவினரின் இறுதிப் பயணத்தைத் தொலைவிலிருந்து பார்த்துக் கண்ணீர் விட்டோம். அச்சம் மனித இயல்பு. ஆனால் அச்சத்திற்குத் தேவையே இல்லாத இடத்திலும் நாம் பாளையம் அமைத்து வைத்திருக்கிறோமே, அதை என்னவென்பது? தோட்டத்து லயத்தின் பின்கட்டில் தனித்துக் கிடக்கும் மூதாட்டி; மதுவுக்கு அடிமையாகி வீட்டுக்குள் சேர்க்கப்படாத தம்பி; பெற்றோர் விருப்பத்திற்கு மாறாக மணம் முடித்தாள் என்பதற்காகப் பத்து ஆண்டுகளாகப் பெயர்கூட உச்சரிக்கப்படாத மகள். குடும்பத்தின் குறை அனைத்தையும் அந்த ஒருவர் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாம் தூய்மையாய் இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். லேவியர் நூலில் அது ஆட்டுக்கு நேர்ந்தது. நம் வீடுகளில் மனிதருக்கு நேர்கிறது. அவரைப் பார்க்கச் செல்லாமல் நாற்பது நாளும் இறைச்சியை மட்டும் விலக்கிவைக்கும் ஒருவர், 'பலியைவிட இரக்கத்தையே விரும்புகிறேன்' என்ற பொருளில் ஓசேயா உரைத்ததையும், அதையே இயேசு பரிசேயருக்கு நினைவூட்டியதையும் எவ்வாறு செவிமடுப்பார்?

செல்வது எளிதன்று என்பதையும் அறிவேன். கதவு திறக்கப்படாமற்போகலாம். பழைய வசைமொழியே வரவேற்பாகக் கிடைக்கலாம். யார்மீது தவறு என்ற வழக்கு மீண்டும் எழலாம். ஒறுத்தலின் உண்மையான பாரம் அங்கேதான் இருக்கிறது; மீன் குழம்பை விடுவதில் அவ்வளவு பாரமில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பலி என்றால் சாவு என்றே நாம் கருதுகிறோம். அடிகளார் அந்த அம்மையில் இறக்கவில்லை. அதன்பின் ஏறத்தாழ 14 ஆண்டுகள் வாழ்ந்தார். காட்டுப் பாதைகளில் வெறுங்காலோடு நடந்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், ஊர் ஊராய்த் திருப்பலி நிறைவேற்றினார். உடலை உயிருள்ள பலியாகப் படைக்கும்படி உரோமையருக்குப் பவுலடியார் எழுதியது இத்தகைய வாழ்வைக் குறித்தே. கிறிஸ்துவின் ஒரே பலியோடு அவர் எதையும் புதிதாகக் கூட்டவில்லை. அப்பலியில் நாள்தோறும் பங்குகொண்டார்.

சொந்த ஊரான கோவாவுக்கு அவர் திரும்பவே இல்லை. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே உயிர்நீத்தார். 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராகவும், 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராகவும் அறிவித்தனர். அவ்வேளை பெருந்திரளாய்க் கூடிநின்ற மக்களில் கண்டியிலிருந்து பேருந்தேறிச் சென்றவர்களும் இருந்தனர். ஆனால் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தை இந்நகரில் இன்று துல்லியமாகக் காட்ட இயலாது. அவர் அக்காட்டில் அடக்கம் செய்த அம்மை நோயாளரின் புதைகுழிகளைப் போலவே, அதற்கும் அடையாளமில்லை.